விசிலில் தொலைந்த பார்த்திபன்

கேள்வி-பதில்: திரையும் மனமும்
இந்த இதழில் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: 'லியோ' வெளியான அன்று தம்பி பிள்ளைகளோடு பாலக்காட்டுக்கு விடியற்காலைக் காட்சிக்குப் போனேன். விஜய் நடித்த பார்த்திபன் என்ற அந்தக் காபிக்கடைக்காரரை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் பக்கத்து வரிசையில் நாற்காலி மேல் ஏறி ஆட்டம், ஒரு வசனம் காதில் விழாத கூச்சல். அதற்குப் பிறகு எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தப் பெயரைச் சொல்லியே அஜித் ரசிகர்களோடு கைகலப்பு, வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டு. இப்போது டி.வி.யில் அந்தப் படம் வந்தாலே சேனலை மாற்றிவிடுகிறேன். பார்த்திபன் செய்யாத தப்புக்கு அவரை வெறுக்கிறேனே, இது சரியா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: வெறுப்பு வந்தது இயல்புதான் சகோதரி. ஒரு பாத்திரத்தை நினைக்கும்போது கதை மட்டும் நினைவுக்கு வருவதில்லை. பார்த்த இடம், பக்கத்தில் இருந்தவர்கள், அப்போது பட்ட எரிச்சல் எல்லாம் சேர்ந்தே வருகின்றன.

உங்கள் பக்கத்தில் இந்த நெரிசல் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2023 ஜனவரி 11-ம் தேதி அஜித்தின் 'துணிவு' வெளியான விடியற்காலையில், சென்னையில் லாரி மேல் ஏறி ஆடிய ஒரு ரசிகர் விழுந்து இறந்தார். அதன் பிறகு வந்த பெரிய படங்களுக்குத் தமிழ்நாட்டில் விடியற்காலைக் காட்சி கிடைக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 19-ல் 'லியோ'வின் முதல் காட்சி தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு. கேரளத்தில் 4 மணிக்கே. ஐந்து மணி நேரம் முந்திப் பார்க்க எல்லை தாண்டி வந்தவர்களும் உள்ளூர் ரசிகர்களும் ஒரே அரங்கில் கூடினார்கள். 24-ம் தேதி பாலக்காடு அரோமா தியேட்டருக்கு வந்த இயக்குநர் லோகேஷ் கனகராஜ், கூட்டத்தில் சிக்கிக் காலில் அடிபட்டு, கேரளத்தின் மற்ற தியேட்டர்களுக்குப் போகாமலே திரும்பினார். பார்த்திபனைப் படைத்தவருக்கே அந்த அன்பு காயமாக முடிந்தது.

அந்தப் பார்த்திபன் யார் என்று பாருங்கள். இமாசலப் பிரதேசத்தில் தியோக் என்ற மலையூரில் காபிக்கடை நடத்துகிறவன். ஊருக்குள் வந்த கழுதைப்புலியைக்கூடக் கொல்லாமல் காப்பாற்றுகிறவன். தன் பிள்ளையைக் காக்கத் துப்பாக்கி எடுத்துவிட்டு, அந்தச் செயலாலேயே நிம்மதி இழக்கிறவன். படத்தின் பெரும்பகுதியில் அவன் கெஞ்சுவது ஒன்றுதான்: லியோ என்ற பழைய ரவுடி நான் இல்லை, என்னை அந்தப் பெயரில் கூப்பிடாதீர்கள். மனைவி முன்னால் உடைந்து அழுவதும் அதற்காகத்தான். அரங்கமோ அவனை லியோ என்று மட்டுமே கூப்பிட்டது. அவன் எந்த வன்முறையிலிருந்து தப்பி ஓடினானோ, அதற்குத்தான் விசில் அடித்தார்கள்.

நடிகருக்கு வாய் உண்டு. ரசிகர்கள் எல்லை மீறினால் அறிக்கை விடலாம், கண்டிக்கலாம். பாத்திரத்துக்குத் தன் கதையைத் தவிர வேறு வாய் கிடையாது. அதன் பெயரில் யார் கத்தினாலும், கடைசியில் அந்தக் கத்தலே அதன் குரலாக நம் காதில் தங்கிவிடுகிறது. உங்களுக்கு நடந்தது இதுதான். நீங்கள் வெறுப்பது பார்த்திபனை அல்ல. அவர் பெயரை மாட்டிக்கொண்டு உங்கள் தெருவில் திரியும் வேறொருவனை.

இருவரையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. கொஞ்ச காலம் அந்தப் படம் இருக்கும் பக்கமே போகாதீர்கள். ரசிகர் பக்கங்களை மூடிவையுங்கள். கோபம் அடங்கிய பிறகு, வீட்டில் தனியாக, சண்டைக் காட்சிகளை விட்டுவிட்டு, அவர் மனைவியோடும் பிள்ளைகளோடும் இருக்கும் காட்சிகளை மட்டும் பாருங்கள். அன்று கூச்சலில் காதில் விழாத வசனங்கள் இப்போது விழும். பிடித்தது திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டாலும் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒரு படத்தை விரும்பியே ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை.

கேள்வி: 'மாமன்னன்' படத்தில் ஃபகத் ஃபாசில் நடித்த ரத்தினவேலுவைப் பார்த்து அசந்துபோனேன். நடிப்பு என்றால் இது என்று எல்லாரிடமும் சொன்னேன். பிறகு என்னோடு படித்தவர்களே சாதிப் பெருமைப் பாட்டுகளைச் சேர்த்து ரத்தினவேலுவை ஸ்டேட்டஸ் வைக்க ஆரம்பித்தார்கள். எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவன் நான். அதைப் பார்த்த நாளிலிருந்து அந்த முகம் வந்தாலே உடம்பு கூசுகிறது. நான் ரசித்ததே தப்போ?
– வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: தப்பில்லை தம்பி. முதல் கேள்வியில் நல்லவன் ஒருவனை ரசிகர்கள் முரடனாக்கினார்கள். உங்கள் விஷயத்தில் கொடியவன் ஒருவனை நாயகனாக்கினார்கள். இரண்டுக்கும் கருவி ஒன்றே: பாத்திரத்தில் வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் வெட்டு.

2023 ஜூன் 29-ல் வெளியான மாரி செல்வராஜின் அந்தப் படத்தில், பந்தயத்தில் தோற்றதற்காகத் தான் வளர்த்த நாயையே அடித்துக் கொல்கிறவன் ரத்தினவேலு. வடிவேலு நடித்த மாமன்னன் தன் முன்னால் நாற்காலியில் உட்கார்வதைப் பொறுக்க முடியாதவன். ஜூலை 27-ல் படம் நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு, அவன் நடையும் பார்வையும் மட்டும் சில வினாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, பாட்டு ஏற்றப்பட்டுப் பரவின. நாய் போயிற்று, நாற்காலி போயிற்று, வடிவேலுவின் கண்ணீர் போயிற்று. மிச்சம் இருந்தது மிடுக்கு மட்டும்.

முன்பு வில்லன்களுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. எம்.ஜி.ஆர். படங்களில் எம்.என். நம்பியார் செய்த கொடுமைகளைப் பார்த்தவர்கள், பாத்திரத்தின் மேல் வந்த கோபத்தை அந்த மனிதர் மேல் காட்டினார்கள். நிஜத்தில் அவர் ஐயப்ப பக்தர். பலருக்குக் குருசாமியாக இருந்து சபரிமலைக்கு அழைத்துப் போனவர். அந்தக் கோபம் ஆளை மாற்றி விழுந்தாலும், அந்த ரசிகர்களுக்குக் கொடுமை கொடுமையாகத் தெரிந்தது. ரத்தினவேலுவைக் கொண்டாடுகிறவர்களுக்கு அதுவே தெரியவில்லை. உங்கள் உடம்பு கூசியதே, அதுதான் படம் உங்களிடம் எதிர்பார்த்த உணர்வு. படத்தைச் சரியாகப் பார்த்தவர் நீங்கள்.

ஃபகத்தின் திறமையை ரசித்ததை விட்டுக்கொடுக்க வேண்டாம். அமைதியான முகத்துக்குள் எவ்வளவு வெறுப்பு குடியிருக்க முடியும் என்று காட்டிய நடிப்பு அது. ஸ்டேட்டஸ் வைத்த நண்பரிடம் ஒரு முறையாவது நேரில் சொல்லுங்கள்: இதைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. நட்பு உள்ளவர் எடுத்துவிடுவார். எடுக்காதவரை ம்யூட் செய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: மகன் பிளஸ் டூ படிக்கிறான். அபிமான நடிகரை யாராவது குறை சொன்னால் ஃபோனில் கெட்ட வார்த்தை எழுதுகிறான். படத்தில் நாயகனை எதிர்த்துப் பேசும் மனைவி, அம்மா பாத்திரங்களைக்கூடத் திட்டுகிறான். கண்டித்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான். எப்படிப் பேசுவது?
– வாசகி, குமுளி

பதில்: அம்மா, அவனுடைய நாயகனைக் குறை சொல்லித் தொடங்காதீர்கள். நாயகனைத் தொட்டால் தன்னையே தொட்டதாக எடுத்துக்கொள்ளும் வயது அது. அவனோடு உட்கார்ந்து படத்தைப் பாருங்கள். பிறகு கதைக்குள்ளிருந்தே கேளுங்கள்: 'லியோ'வில் புருஷனையே சந்தேகப்பட வேண்டி வந்த சத்யாவின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்? கேள்வி கேட்கும் பெண் கதைக்குத் துரோகி அல்ல என்பது அவனாக யோசித்தால்தான் பிடிபடும்.

அமெரிக்கத் தொடரான 'பிரேக்கிங் பேட்'டில், போதைப்பொருள் காய்ச்சும் கணவனைத் தட்டிக்கேட்ட ஸ்கைலர் என்ற மனைவியை ரசிகர்கள் கூட்டமாக வெறுத்தார்கள். அந்த வெறுப்பு தன் மேலேயே திரும்பியதைப் பற்றி, அதில் நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை எழுதினார். இதை மகனிடம் சொல்லுங்கள். அவன் எழுதும் வார்த்தை, நடித்த ஒரு மனுஷியின் ஃபோனில் போய் விழக்கூடும் என்று அவன் அறிய வேண்டும்.

ரசனையில் அவனுக்கு முழுச் சுதந்திரம் கொடுங்கள். கெட்ட வார்த்தைக்கு மட்டும் இந்த வீட்டில் இடமில்லை என்பதில் உறுதியாக நில்லுங்கள். அவன் ஒரு வேளை சாப்பிடாமல் படுத்தாலும் இறங்கி வந்துவிடாதீர்கள். அவனிடம் கடைசியாக இதையும் சொல்லுங்கள்: உன் நாயகனைப் புதிதாகப் பார்க்க வரும் ஒருவருக்கு முதலில் கண்ணில் படுவது நீதான். உன்னைப் பார்த்து அவர் திரும்பிப் போனால், நஷ்டம் உன் நாயகனுக்கு.