பத்து ரூபாயில் ஒரு மருத்துவமனைக் கணக்கு

சமூகப் பணி படித்துவிட்டு புனேயில் அறக்கட்டளை மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்கிறீர்களா? நோயாளிகளுக்கு உதவும் அமைப்பிலோ பத்திரிகையிலோ சேர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் முதல் வாரமே ஓர் அலுவலகத்தின் பெயரை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: அறக்கொடை இணை ஆணையர் அலுவலகம். ஊரில் ‘தர்மாதாய் ஆயுக்த்’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். தமிழ்நாட்டில் பொது அறக்கட்டளைகளுக்கென்று இப்படித் தனிச் சட்டமோ ஆணையரோ இல்லை என்பதால், நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது புதிதாகவே இருக்கும்.

மகாராஷ்டிரத்தின் 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைகள் சட்டத்தில் 41ஏஏ என்றொரு பிரிவு உண்டு. அதன்படி அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். இதை நடைமுறைப்படுத்தும் திட்டம் மும்பை உயர் நீதிமன்ற உத்தரவால் 2006-இல் வந்தது. மொத்த பில் தொகையில் 2 சதவீதத்தை ஏழை நோயாளி நிதியில் சேர்க்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. வார்டில் எல்லோரும் இதை ‘ஐபிஎஃப்’ என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு 100 கோடி ரூபாய்க்கு பில் போடும் மருத்துவமனை என்றால் அந்த நிதிக்கு 2 கோடி சேர வேண்டும். சேர்ந்ததா, யாருக்குச் செலவானது என்று கேட்க ஊருக்கு உரிமை இருக்கிறது.

2025 மார்ச் இறுதியில் புனேயின் அறக்கட்டளை மருத்துவமனைகளில் ஒன்றான தீனநாத் மங்கேஷ்கர் மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணியின் குடும்பத்திடம் 10 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்டதாகப் புகார் எழுந்தது. அவர் வேறு மருத்துவமனையில் இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற பின் இறந்துபோனார். புனே கொதித்தது. இந்தக் கணக்குகளைப் பற்றி அதுவரை கேட்டிராதவர்கள்கூட அப்போது கேட்டார்கள். ஓர் உயிர் போன பிறகுதான் கேட்க வேண்டும் என்றில்லை.

கேட்கும் முறைக்கு வருவோம். நேராக மருத்துவமனைக்கே தகவல் உரிமை மனு போட்டால், ‘நாங்கள் பொது அதிகார அமைப்பு இல்லை’ என்று பதில் வரலாம். அரசிடம் கணிசமான நிதியுதவி பெறும் தொண்டு நிறுவனங்கள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும், சலுகை விலையில் பெற்ற நிலமும் அந்தக் கணக்கில் சேரலாம் என்று 2019-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அதைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும், காலம் ஓடிவிடும். ஆணையர் அலுவலகமோ அரசு அலுவலகம். அறக்கட்டளைகள் தாக்கல் செய்யும் தணிக்கைக் கணக்கு அங்கே இருக்கிறது. மனுவை அங்கே போடுங்கள்.

மகாராஷ்டிர விதிப்படி மனு ஒரே பொருளைப் பற்றி, 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ‘ஏழைகளுக்கு என்ன செய்தார்கள்?’ என்று கேட்காதீர்கள். கேள்விக்குப் பதில் வராது, ஆவணத்துக்குத்தான் வரும். இப்படி எழுதுங்கள்: ‘இன்ன பதிவு எண் கொண்ட அறக்கட்டளை 2023-24-க்குத் தாக்கல் செய்த ஷெட்யூல் 8, ஷெட்யூல் 9, தணிக்கையாளர் அறிக்கை, மாதவாரி ஐபிஎஃப் விவரம் ஆகியவற்றின் நகல்.’ ஷெட்யூல் 8 இருப்புநிலைக் குறிப்பு, 9 வரவு செலவு. பதிவு எண்ணை மருத்துவமனையின் நன்கொடை ரசீதில் தேடிப் பாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

நோயாளிகளின் பெயரையும் நோயையும் கேட்காதீர்கள், கேட்கவும் கூடாது. சிகிச்சைக் குறிப்பு நோயாளிக்கு உரியது. அவரோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி.

மருத்துவமனைக்குள் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாசில்தார் சான்றிதழையோ ரேஷன் அட்டையையோ கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உங்கள் மேசை முன் நிற்பார். ஏழை, நலிந்த பிரிவினரைச் சேர்க்க முன்பணம் கேட்கக் கூடாது என்று திட்டம் சொல்கிறது. பில்லிங் பிரிவுக்கும் அதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். படுக்கை இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், வந்த நேரம், அன்று காலியாக இருந்த இலவசப் படுக்கைகளின் எண்ணிக்கை, திருப்பச் சொன்னவரின் பதவி மூன்றையும் அன்றைக்கே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.