பழைய கெசட்டில் இருக்கும் குரலைக் காப்பாற்றுவோம்



கொஞ்ச நாளைக்கு முன்னால் யட்டியாந்தோட்டைப் பக்கமிருந்து ஓர் அம்மா எங்கள் காரியாலயத்துக்கு வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கெசட். அவருடைய அம்மாயி 1979ஆம் ஆண்டு கூடலூரிலிருந்து பேசி அனுப்பியதாம். "அம்மாயி குரல் இதுல மட்டுந்தாங்க ஐயா இருக்கு. ஒரு போட்டோ கூட இல்லீங்க" என்றார். எங்களிடம் கிடந்த பழைய கெசட் ரேடியோவில் போட்டோம். குரல் வந்தது. அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். இடையில் நிறுத்திவிட்டு மறுபடியும் ஓடவிடப் போகும்போது, பிளே பட்டனோடு பக்கத்தில் இருந்த சிவப்புப் பட்டனையும் சேர்த்து அமுக்கிவிட்டோம். கவனிப்பதற்குள் ஒரு நிமிஷத்துக்குக் கிட்ட அழிந்து போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது எங்கள் காரியாலயத்துக் கதிரை இழுபடும் சத்தந்தான் கேட்கிறது. அந்த அம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

அதனால்தான் இம்முறை இந்தப் பாடம். வீட்டில் பழைய கெசட் வைத்திருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

கெசட்டை பிலிப்ஸ் கம்பனி 1963இல் வெளியிட்டது. அடுத்த வருஷம், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நம்மவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை எடுப்பது என்று கணக்குப் போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் ஒரு நாடு, தங்கச்சி ஒரு நாடு என்று ஆனது. தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களில் நிறையப் பேர் நீலகிரிப் பக்கம் மறுபடியும் கொழுந்துக்கே போனார்கள். இங்கே இருந்தவர்களிலும் 1977, 1981 கலவரங்களில் அடிபட்டு வவுனியா, கிளிநொச்சி என்று போனவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கடுதாசி எழுத இன்னொருவர் வேண்டும். மனசில் இருப்பதை அந்த இன்னொருவரிடம் எப்படிச் சொல்வது? கெசட் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து பேசி, போகிறவர் கையில் கொடுத்துவிட்டார்கள். பிறகு மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்களும் இப்படித்தான் பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பினார்கள். காமன் கூத்து, பொன்னர் சங்கர் பாட்டு, செத்த வீட்டு ஒப்பாரி எல்லாம் கெசட்டில் பிடித்து வைத்த வீடுகளும் இருக்கின்றன. சி.வி.வேலுப்பிள்ளை அந்தக் காலத்தில் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடிச் சேகரித்து எழுதி வைத்தார். பாட்டின் சொல் அவரால் மிஞ்சியது. பாடியவரின் குரல் மிஞ்ச வேண்டுமானால் உங்கள் டிரங்குப் பெட்டியில்தான் தேட வேண்டும்.

கெசட் நாடா என்பது மெல்லிய பிளாஸ்டிக். அதன் மேல் இரும்புத் துரு மாதிரியான காந்தத் தூளைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். குரல் இருப்பது அந்தத் தூளில்தான். ஈரம் பட்டால் பசை இளகும், பூஞ்சணம் பிடிக்கும். நம் இரத்தினபுரி, கேகாலை மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதை விடவும் பெரிய ஆபத்து இருக்கிறது. 2003 மே மாதம் இரத்தினபுரியில் வெள்ளம் வந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தது. உயிரே போன இடத்தில் கெசட்டைப் பற்றி யார் கேட்பார்கள்? ஆனால் தப்பிப் பிழைத்தவர்களுக்குப் பிறகு அதுவும் ஒரு இழப்புத்தான்.

வேலையைத் தொடங்குமுன் முதல் காரியம் இது. கெசட்டின் முதுகுப் பக்கத்தில், நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். பிறகு சிவப்புப் பட்டன் கீழே இறங்காது. நாங்கள் இதைச் செய்யாமல் விட்டதால்தான் மேலே சொன்ன கதை.

அடுத்து, நாடாவில் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அது பூஞ்சணம். மெஷினில் போடவே வேண்டாம். மெஷின் கெடும், அடுத்து போடும் கெசட்டுக்கும் ஒட்டும். அதைத் தனியாகப் பையில் போட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றலாம். அறுந்திருந்தால் வீட்டில் இருக்கும் செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து பக்கத்துச் சுற்றிலும் பிடித்துக்கொள்ளும். இதற்கென்றே தனி டேப் இருக்கிறது.

மெஷினுக்குள் நாடாவைத் தொடும் பளபளப்பான துண்டுக்கு ஹெட் என்று பெயர். சுத்தமான ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு அதைத் துடையுங்கள். பஞ்சில் கபில நிறம் வரும். அது மற்றவர்களின் குரல் உதிர்ந்த தூள், வேறென்ன. ரப்பர் உருளைக்கு ஸ்பிரிட் வேண்டாம், ஈரத்துணி போதும். முதலில் தேவையில்லாத ஒரு சினிமாப் பாட்டுக் கெசட்டைப் போட்டுப் பாருங்கள். அதை நாடா சிக்காமல் முழுக்க ஓட்டினால்தான் அம்மாயியை நம்பிக் கொடுக்கலாம். கம்பியூட்டரில் நேரே செருகும் மலிவான கெசட் பெட்டிகள் இப்போது விற்கிறார்கள். நாங்கள் பார்த்ததில் குரல் ஆடியது. நல்ல நிலையில் இருக்கும் பழைய செட்தான் எங்களுக்குத் திருப்தி.

இனிப் பதிவு. செட்டின் ஹெட்போன் துவாரத்திலிருந்து இரண்டு முனையிலும் ஊசி உள்ள வயரைக் கம்பியூட்டரின் மைக் துவாரத்துக்குக் கொடுக்க வேண்டும். புது லெப்டொப்களில் ஒரே துவாரந்தான் இருக்கும். அதற்கு யுஎஸ்பியில் செருகும் சின்ன ஓடியோ அடெப்டர் தேவை. 'ஓடாசிட்டி' என்ற மென்பொருள் இலவசம். ஏ.எல். படிக்கும் பிள்ளை யாராவது போட்டுத் தருவார்கள். செட்டின் சத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, திரையில் ஆடும் கோடு உச்சியைத் தொடாத அளவுக்குக் கூட்டுங்கள். உச்சியைத் தொட்டால் குரல் கரகரக்கும், பிறகு திருத்தவே முடியாது. சத்தம் குறைந்தால் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கெசட் ஓடும் நேரம்தான் பதிவின் நேரமும். 60 என்று போட்டிருந்தால் ஒரு பக்கம் 30 நிமிஷம், 90 என்றால் 45 நிமிஷம். அவசரப்பட்டு வேலையில்லை. இரைச்சலை எடுக்கிறோம் என்று அந்த மென்பொருளில் விளையாடவும் வேண்டாம். பின்னால் கேட்கும் கோழிச் சத்தமும் அந்த வீடுதானே.

கம்பியூட்டர் இல்லாதவர்கள் போனை ஸ்பீக்கருக்கு முன் வைத்துப் பிடிக்கலாம். தரம் குறையும், ஆனால் ஒன்றுமில்லாததற்கு இது மேல். தகரக் கூரையில் மழை விழாத நேரமாகப் பாருங்கள். சப்ரகமுவவில் அப்படி நேரம் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

முதல் பிரதியை 'வேவ்' வகையில் வையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு 600 எம்பிக்குக் கொஞ்சம் கூட வரும். அதிலிருந்து 'எம்பி3' எடுத்தால் 60 எம்பிக்குள் அடங்கும், அனுப்புவதற்கு அது போதும். போனில் மட்டும் வைத்தால் போன் தொலைந்த அன்று எல்லாம் தொலையும். ஒரு பிரதி பென்டிரைவில், இன்னொன்று கொழும்பில் வேலை செய்யும் மகனிடமோ கோத்தகிரியில் இருக்கும் சின்னம்மாவிடமோ இருக்கட்டும். மண் சரிந்தாலும் இரண்டு இடமும் ஒன்றாகச் சரியாது.

ஒரு விஷயம். குடும்பக் கெசட்டில் கடன், சண்டை, கல்யாணப் பேச்சு எல்லாம் இருக்கும். முழுக்கக் கேட்காமல் வட்ஸ்அப்பில் போட வேண்டாம். கூத்து, ஒப்பாரி போன்றவற்றைப் பொதுவில் வைக்க விரும்பினால், இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005இலிருந்து டிஜிட்டலாகச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. பாடியவரிடமோ அவர் பிள்ளைகளிடமோ கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

பதிந்த பிறகு வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்து இன்னொரு தடவை கேளுங்கள். பேசுவது யார், எந்தத் தோட்டம், எந்த வருஷம், சொல்லப்படும் 'சின்னப்பொண்ணு' யாருடைய மகள் என்று ஒரு கொப்பியில் எழுதி, அதே பெயரை ஃபைலுக்கும் போடுங்கள். யட்டியாந்தோட்டை அம்மாவின் கெசட்டில் அழிந்த அந்த ஒரு நிமிஷத்தில் அம்மாயி என்ன சொன்னார் என்று அவருடைய பெரியம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. பசு கன்று போட்ட சங்கதியாம். அதையும் கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.