ஆஸ்டினில் பாட்டுக் கேட்கப் போகிறவர்களுக்கு

வேலைக்காக இந்த ஊருக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வாடகை வீடு, கார், இந்திய மளிகைக்கடை எல்லாம் முதல் மாதத்திலேயே உங்களுக்குப் பழகிவிடும். இந்த ஊர் எதனால் பெயர் பெற்றதோ அது மட்டும் வருடக்கணக்கில் கண்ணில் படாமல் போகலாம். 1991இல் நகர மன்றமே 'உலகின் நேரடி இசைத் தலைநகரம்' என்று பட்டம் சூட்டிக்கொண்ட ஊர் இது. பார் என்றால் குடிக்கும் இடம்தானே என்று நம் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கமே போவதில்லை. சிலர் போகிறார்கள், ஆனால் குடிக்க மட்டும். எட்டடி தூரத்தில் நின்று ஒருவர் உயிரைக் கொடுத்து வாசிப்பதை இரண்டு தரப்பும் கேட்காமல் விடுகிறது. அதனால் இந்தச் சில வார்த்தைகள்.

1. பார்கள் வரிசையாக இருக்கும் ஆறாவது தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு அங்கே சத்தம்தான் அதிகம். தெற்கே சவுத் காங்கிரஸில் காண்டினென்டல் கிளப் இருக்கிறது, 1955இல் தொடங்கியது. ஜாஸ் வேண்டுமென்றால் காங்கிரஸ் அவென்யூவில் தரைக்கு அடியில் இருக்கும் எலிஃபன்ட் ரூம். ராக் கேட்கிறவர்கள் ரெட் ரிவர் தெருவுக்குப் போகலாம்.

எல்லா இடத்தையும் ஒரே மாதத்தில் பார்த்து முடிக்க வேண்டாம். வாரம் தவறாமல் ஒரே கிழமையில் ஒரே பேண்ட் வாசிக்கும் இடங்கள் இங்கே உண்டு. அப்படி ஒன்றைத் தேர்ந்துகொண்டு திரும்பத் திரும்பப் போங்கள். போன வாரம் கேட்ட பாட்டு இந்த வாரம் வேறு நடையில் வரும். டிரம்ஸ்காரர் எந்த இடத்தில் சிரிப்பார் என்பதுகூடத் தெரிந்துவிடும். ரசனை வளர்வது அப்படித்தான்.

2. பணம் கொடுங்கள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விரும்பவில்லை. வாசலில் கவர் சார்ஜ் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், அதில் பெரும்பாலும் பேண்டுக்குப் பங்கு உண்டு. கவர் இல்லாத இடத்தில் மேடையோரம் ஒரு ஜாடியோ வாளியோ இருக்கும். பல இரவுகளில் வாசித்தவர்கள் கையில் மிஞ்சும் காசு அதுவாகத்தான் இருக்கிறது. கையில் ரொக்கம் இல்லையென்றால் பக்கத்திலேயே க்யூஆர் அட்டை ஒட்டியிருப்பார்கள். இடைவேளை வரை காத்திருக்க வேண்டாம், பாட்டுக்கு நடுவிலேயே எழுந்து போய்ப் போடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது.

அந்தக் கலைஞர்கள் வேறு எங்கிருந்தோ வந்து போகிறவர்கள் அல்ல. உங்கள் அடுக்கக வாடகையை ஏற்றிவிட்ட அதே ஊரில்தான் அவர்களும் வாடகை கட்டுகிறார்கள். குறைந்த வருமானமுள்ள இசைக்கலைஞர்களுக்கு மருத்துவ வசதி கிடைக்கச் செய்ய 'ஹாம்' என்றொரு அமைப்பை 2005இல் இங்கே தொடங்க வேண்டியிருந்தது. கம்பெனிக் காப்பீடு கையில் இருக்கும் நாம் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பார்டெண்டருக்கும் டிப்ஸ் உண்டு. பீருக்கு ஒரு டாலர், பெரிய பில்லுக்கு ஐந்தில் ஒரு பங்கு. டிப்ஸ் வாங்கும் வேலைக்கு டெக்சஸில் முதலாளி கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான்.

3. குடிக்காதவர்கள் தயங்க வேண்டாம். எலுமிச்சை பிழிந்த சோடாவோ டோப்போ சிக்கோ என்ற சோடா நீரோ கேளுங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அதற்கும் டிப்ஸ் வையுங்கள்.

4. குடிப்பவர்கள் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது சட்டத்தின் எல்லை. அதற்குக் குறைவாக இருந்தாலும் வண்டி ஓட்டும் நிதானம் தப்பியிருந்தால் கைது செய்யலாம். நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வழக்கு முடியும்வரை காத்திராமல், கைது ஒன்றை வைத்தே அமெரிக்க வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். அடுத்த முறை ஊருக்குப் போனால் திரும்பி வருவது கேள்விக்குறி. டாக்ஸிக்கு ஆகும் முப்பது நாற்பது டாலரை மாலைச் செலவில் முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள். பாரில் நுழையும்போது, குடிக்கத் தகுதியான 21 வயது ஆகியிருந்தாலும் அடையாள அட்டை கேட்பார்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். டெக்சஸ் உரிமம் வரும்வரை பாஸ்போர்ட்தான் கை கொடுக்கும்.

5. ப்ளூஸ் கேட்கத் தொடங்குங்கள். கச்சேரியில் தொடையில் தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. நான்கு நான்காக எண்ணிக்கொண்டே வாருங்கள். பன்னிரண்டு நான்குகள் சேர்ந்தால் ஒரு சுற்று, மொத்தம் 48 எண்ணிக்கை. முதல் நான்கு நான்குகள் பெரும்பாலும் ஸட்ஜத்தில் எழும்பும் கார்டில், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டில் நிற்கும். ஐந்தாவதில் மத்தியமத்துக்குப் போகும், ஏழாவதில் ஸட்ஜத்துக்குத் திரும்பும், ஒன்பதாவதில் பஞ்சமத்தைத் தொட்டு இறங்கிவரும். இது பிடிபட்டுவிட்டால், கிடார்காரர் எங்கே காத்திருக்கிறார், எங்கே வேண்டுமென்றே தாமதிக்கிறார் என்பதெல்லாம் தானாகக் கேட்கத் தொடங்கும். அவர் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை ஏற்றுவதைக் கவனியுங்கள். வீணையில் கமகம் பிடிப்பவரும் தந்தியை அப்படித்தான் இழுக்கிறார்.

ப்ளூஸ் கேட்க ஆன்டோன்ஸுக்குப் போங்கள். 1975இல் கிளிஃபர்ட் ஆன்டோன் என்ற இளைஞர் தொடங்கிய கிளப். பழைய ப்ளூஸ் மேதைகளை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில் மடி வாட்டர்ஸ் போன்றவர்களை அழைத்துவந்து, உள்ளூர்ப் பிள்ளைகள் அவர்கள் பக்கத்தில் நின்று வாசிக்க வழி செய்தார். அப்படி வளர்ந்தவர்களில் ஒருவர் கிடார் கலைஞர் ஸ்டீவி ரே வான். 1990இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. ஏரிக்கரையில் அவருடைய சிலை இருக்கிறது. இடம் பலமுறை மாறியும் ஆன்டோன்ஸ் இன்னும் நடக்கிறது.

6. கிழக்கு 11ஆம் தெருவுக்கு ஒரு பகலில் போய்வாருங்கள். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய கறுப்பினப் படைவீரர்களுக்கு நகரின் வெள்ளையர் விடுதிகளில் இடமில்லாத நாளில், 1945இல் ஜானி ஹோம்ஸ் என்பவர் அங்கே விக்டரி கிரில்லைத் திறந்தார். கறுப்பினக் கலைஞர்கள் தெற்கு மாநிலங்களில் ஊர் ஊராகப் போய் வாசித்த பாதையில் அதுவும் ஒரு நிறுத்தம். ப்ளூஸ் மேதை பி.பி.கிங் அங்கே வாசித்திருக்கிறார். ஊர் தன் இசையைப் பற்றிப் பெருமை பேசும் இடங்களிலெல்லாம் இந்தத் தெருவின் பெயர் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

7. ஆடத் தெரியாது என்று சுவரோரம் நிற்காதீர்கள். சவுத் லமாரில் 1964இல் ஜேம்ஸ் வைட் கட்டிய புரோக்கன் ஸ்போக் இருக்கிறது. தாழ்ந்த கூரை, மரத்தளம், மேடையில் கன்ட்ரி பேண்ட். இரு பக்கமும் அடுக்ககங்கள் எழும்பியும் அது அசையாமல் நிற்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் 'டூ ஸ்டெப்' சொல்லித்தரும் வகுப்பு நடப்பது உண்டு. தளத்தில் எல்லாரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுவார்கள், நடுவில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். ஆட விருப்பமில்லையென்றால் அழைத்தவரிடம் சிரித்தபடி சொல்லலாம். நீங்கள் அழைத்து அவர் வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

8. காதடைப்பான் வாங்கிப் பையில் வையுங்கள். 100 டெசிபலில் கால் மணி நேரத்துக்கு மேல் பாதுகாப்பில்லாமல் கேட்பது காதுக்குக் கேடு, சிறிய அறையில் ராக் பேண்ட் அந்த அளவைச் சுலபமாகத் தொடும்.

9. பேசாதீர்கள். பாட்டு நடக்கும்போது ஆபீஸ் கதை பேச வெளியே நடைபாதை இருக்கிறது. போனை உயர்த்திப் பாட்டு முழுவதையும் படம் பிடிப்பதும் பின்னால் நிற்பவருக்கு இடைஞ்சல்.

10. ஊரிலிருந்து அம்மா அப்பா வரும்போது அவர்களையும் அழைத்துப் போங்கள். நின்றுகொண்டே கேட்கும் இடம் வேண்டாம். சவுத் லமாரிலேயே சாக்ஸன் பப் இருக்கிறது, சிறியது, உட்கார்ந்து கேட்கலாம், பாட்டு எழுதியவரே பாடுவார். சாயங்கால நிகழ்ச்சிக்குக் கொஞ்சம் முன்னதாகப் போனால் மேடை பக்கத்து மேசை கிடைக்கும். இடைவேளையில் பாடகரிடம் அவர்களை அறிமுகப்படுத்துங்கள். நம் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்குப் பாடகர்கள் நின்று நிதானமாகப் பதில் சொல்வார்கள்.