மண்ணில் ஒரு துளை

ஓசூரில் தேனீ பார்க்கத் தொடங்கியிருக்கும் தங்கைக்கு,

பூவில் உட்கார்ந்த தேனீயைப் படம் பிடிப்பதில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நீயும் அப்படியே தொடங்கு. ஆனால் உன் குறிப்பேட்டில் பூக்கள் மட்டுமே இருந்தால், அது உன் ஊரைப் பற்றிப் பாதிதான் பேசும். பூ என்பது தேனீ இரை தேடி வந்த இடம்; அது எங்கே குடியிருக்கிறது என்பதைக் கூடுதான் சொல்லும். மாநில எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியில் ஒரு புங்கமரத்தடியில் நின்று மலைத்தேனீயைப் பார்க்கிறாய் என்று வை. பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும் இனம் அது. அதன் அடை ஓசூரின் ஏதோ ஓர் அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தொங்கலாம். அத்திப்பள்ளிக்கு அப்பால் கர்நாடகத்திலும் தொங்கலாம். அதற்கென்ன, சோதனைச் சாவடியா இருக்கிறது? அதே புங்கம்பூவுக்கு விரல்நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு தனித்தேனீ வந்தால் கதை வேறு. சிறிய தனித்தேனீக்கள் பெரும்பாலும் கூட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே சுற்றிவருபவை. அப்படியானால் அதன் வீடு நீ நிற்கும் தெருவிலேயே எங்கோ இருக்கிறது. இரண்டையும் ஒரே கட்டத்தில் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி எழுதினால் கணக்கு சரியாக இருக்கும், பொருள் தவறிப்போகும்.

தேனீ என்றதும் நம் மனத்தில் அடையும் தேனும்தான் வருகின்றன. மலைத்தேனீ, அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, பெட்டியில் வளர்க்கக் கொண்டுவந்த இத்தாலியத் தேனீ: நம் ஊரார் அறிந்த பட்டியல் அநேகமாக இத்துடன் முடிந்துவிடும். ஆனால் உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கு மேல்; இந்தியாவில் மட்டும் 700-க்கு மேல். இவற்றில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. ஒரு பெண் தேனீ தானே துளையிட்டு, தானே மகரந்தம் சுமந்து, தன் முட்டைக்குத் தானே அறை கட்டுகிறது. ராணியும் இல்லை, வேலைக்காரிகளும் இல்லை. அந்தத் துளையும் பெரும்பாலும் மண்ணில்தான். எஞ்சியவற்றில் தச்சுத்தேனீ காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைகிறது. அதன் குட்டி உறவான சிறு தச்சுத்தேனீ மயில்கொன்றையின் உலர்ந்த குச்சிக்குள் இருக்கும் சோற்றைக் குடைகிறது. ஆகவே ஓர் ஊரில் காட்டுத்தேனீ நிலைக்குமா என்று கேட்டால், பூ இருக்கிறதா என்று பார்ப்பதோடு முடியாது. மிதிபடாத வெறும் மண், வெட்டி எரிக்கப்படாத காய்ந்த குச்சி, பூசாமல் விட்ட மண்சுவர், ஏரிக்கரையின் சரிவு இவையெல்லாம் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

‘கூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பூவில் ஒரு மணி நேரத்தில் நாற்பது தேனீ பார்க்கலாம், மண்ணில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றுகூடக் கிடைக்காது’ என்று நீ கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தடயம் படிக்கத் தெரிந்தவருக்கு அவ்வளவு கடினமில்லை. ஓசூரின் ரோஜாவையே எடுத்துக்கொள். திறந்தவெளி ரோஜாச் செடியில், இலையின் ஓரத்தை யாரோ கத்தரியால் அரைவட்டமாக வெட்டியதுபோல் இருந்தால், அது புழு தின்றதல்ல. புழுவின் கடி பிசிறும். இது இலைவெட்டித் தேனீயின் வேலை. நீள்வட்டத் துண்டுகளால் அறையின் சுவரையும் வட்டத் துண்டுகளால் மூடியையும் அமைக்கிறது, இலையைத் தின்பதில்லை. தேனீயைப் பார்க்காமலேயே அருகில் கூடு இருக்கிறது என்று எழுதிவிடலாம். பூ விற்பவருக்கு இலையில் ஓட்டை விழுவது நஷ்டம்தான். அவரிடம் போய்ப் பாடம் நடத்தாதே, செடியின் அடியில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேள். இன்னொரு தடயம் குயில்தேனீ. கறுப்பு உடலில் பளிச்சென்ற நீலப் புள்ளிகள். அது மகரந்தம் சேர்ப்பதே இல்லை. மண்ணில் துளையிடும் நீலப்பட்டைத் தேனீயின் கூட்டில் கள்ளமாக முட்டையிடும். அது தாழப் பறந்து செம்மண் சரிவை முகர்ந்துகொண்டு திரிந்தால், நீ தேடும் வீடு அங்கேதான். பென்சில் பருமனில் துளை, வாயில் புதிதாகத் தள்ளிய மண், எறும்பு வரிசை இல்லை என்றால் பத்தடி தள்ளி உட்கார்ந்து காத்திரு. தோண்டாதே, தோண்டினால் நீ பார்க்க வந்த குடும்பமே போய்விடும்.

தேன்பெட்டி வைத்தால் மகரந்தச் சேர்க்கை நடந்துவிடுமே, இந்தத் தனித்தேனீக்கள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை ஓர் ஆவாரம்புதரின் முன் நிறுத்து. ஆவாரம்பூவின் மகரந்தப்பை முழுதாகப் பிளப்பதில்லை. நுனியில் சிறு துளைதான். தச்சுத்தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்துச் சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்க, மகரந்தம் உப்புப் புட்டியிலிருந்து உதிர்வதுபோல் உதிர்கிறது. பறக்கும்போது கேட்ட ரீங்காரம் பூவில் இறங்கியதும் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் காணலாம். பெட்டித் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. கத்தரிக்கும் ராயக்கோட்டைப் பக்கத்துத் தக்காளிக்கும் இதே கணக்குத்தான். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், காற்றும் உதவும் என்பது உண்மை. ஆனாலும் அதிர்வின் பலன் சிறிதல்ல. அதற்காகவே ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் 1980-களின் கடைசியிலிருந்து பம்பிள் தேனீக்களை விலைக்கு வாங்கி விடுகிறார்கள். நமக்கு அந்த வேலையைக் கூலியில்லாமல் செய்பவை வரப்பு மண்ணில் குடியிருக்கின்றன.

நுண்ணோக்கி இல்லாமல் இனம் சொல்ல முடியாது, அப்புறம் எழுதி என்ன பயன் என்பது அறிவியலாளர் தரப்பு. பாதி ஒப்புக்கொள்கிறேன். பூச்சியியலாளர் பிங்ஹாம் 1897-இல் வெளியிட்ட தொகுதிதான் இந்தியத் தேனீக்களுக்கு இன்றும் பலர் புரட்டும் அடிப்படை நூல். அதை வைத்துக்கொண்டு படத்தில் மட்டும் இனம் பிரிப்பது பெரும்பாலும் நடக்காது. நடக்காததை நடந்ததாக எழுதாதே. ‘நீலப்பட்டைத் தேனீ, இனம் தெரியவில்லை’ என்பது நேர்மையான பதிவு. ஆனால் இந்தக் கரையில் இந்த மாதம் எத்தனை துளைகள் திறந்திருந்தன, மண் எப்படி இருந்தது, என்றைக்கு ஜல்லி கொட்டி மூடினார்கள் என்பதெல்லாம் அருங்காட்சியகத்தில் ஊசி குத்தி வைத்த தேனீ சொல்லாதவை. அவற்றைப் பக்கத்தில் வசிப்பவர்தான் எழுத முடியும். ஒன்றுமே காணாத நாளையும் தேதி போட்டு எழுது.

சிப்காட் தொழிற்பேட்டையின் சுவர்களுக்கு நடுவில் என்ன வாழும் என்று கேட்பவருக்கு என் பதில் சற்று முரணானது. மரம் நட்டு, புல்தரை விரித்து, மீதியில் பேவர் பிளாக் பதித்த வளாகத்தைவிட, யாரும் கவனிக்காத பின்பக்கச் செம்மண் மேடு தேனீக்கு உகந்தது. பூ அங்கே தேவையில்லை என்று சொல்லவில்லை. நூறு மீட்டரில் ஆவாரை இருந்தால் போதும். இது என் ஊகம்தான். அதைப் பொய்யாக்கும் தரவு உன்னிடமிருந்து வந்தால் மாற்றிக்கொள்வேன். அதற்கு இரண்டு இடங்கள் போதும்: ஒன்று அழகுபடுத்திய வளாகத்தின் வேலியோரம், மற்றொன்று பாழ்நிலம். மாதம் இருமுறை, ஒரே நேரத்தில், ஒரே அளவு பொழுது.

வேலை முடிந்து வரும்போது வெயில் சாய்ந்துவிடுமே என்று தயங்காதே. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்களுக்குக் கூடு கிடையாது. பொழுது சாயும்போது ஏதாவதொரு காய்ந்த தண்டைத் தாடையால் கவ்விக்கொண்டு, வரிசையாகத் தொங்கியபடி தூங்கும். பல இரவுகள் அதே தண்டுக்கே திரும்பும். டார்ச்சைத் துணியால் மூடி ஒளியைக் குறைத்துக்கொண்டு எண்ணு. மறுநாள் வெயில் ஏறினால் கிளம்பிவிடும்.