"எல்லாம் அக்காதான்" என்கிறார்கள், பயமாக இருக்கிறது

கேள்வி: ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு தெருவில் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துகிறேன். பாடம் முடிந்ததும் சுண்டலோ சாதமோ கொடுத்து அனுப்புவோம். இதை ஊழியமாக நினைத்துத்தான் செய்கிறேன். கையைக் கடிக்கும்போது தெரிந்தவர்களிடம் உதவி கேட்பேன். சபையில் ஒரு பெரியவர், "ஆண்டவரிடம் மட்டும் கேள், மனுஷரிடம் கேட்பது அவிசுவாசம்" என்கிறார். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் தாங்களாகவே பணம் தர வருகிறார்கள், வாங்கலாமா? இன்னொன்று. பிள்ளைகளின் அம்மாக்கள் "எல்லாம் அக்காதான்" என்பார்கள். "நான் ஒண்ணுமில்லை, எல்லாம் கர்த்தர்" என்று சொல்லிவிடுவேன். ஆனால் உள்ளுக்குள் இனிக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது, ஐயா.

— வாசகி, ரமண நகர், திருவண்ணாமலை

பதில்: பணத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம், சகோதரி. எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தவர். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் எட்டு, ஒன்பது அதிகாரங்கள் முழுக்க அந்த வசூலைப் பற்றியவைதான். கூச்சப்படாமல் கேட்கிறார். மக்கெதோனியாக்காரர்கள் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தார்கள் என்று சொல்லிக் கொரிந்தியரை உசுப்பியும் விடுகிறார். ஆனால் பணத்தைத் தனி ஆளாகத் தொடவில்லை. பின்னால் ஒருவர் குறை சொல்லக் கூடாதென்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளையும் கூட வைத்துக்கொள்கிறார். பவுலின் தாழ்மையை நான் அங்கேதான் பார்க்கிறேன்: என் நேர்மைக்கு நானே சாட்சி என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் சபைப் பெரியவர், டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த மிஷனரி எமி கார்மைக்கேலை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். 1895இல் இந்தியா வந்து, 1951இல் கண்மூடும் வரை சொந்த ஊர் திரும்பாதவர். அத்தனை பிள்ளைகளை வளர்த்தும், பணம் தாருங்கள் என்று யாரிடமும் கேட்பதில்லை என்பதில் உறுதியாக இருந்தார். அதே அம்மையார் முப்பதுக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். டோனாவூரில் என்ன நடக்கிறது என்று அவற்றைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய விசுவாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கேட்காமலிருப்பது அவருக்கு வந்த அழைப்பு. அதை எடுத்து எல்லோர் தலையிலும் சட்டமாக வைப்பதுதான் சரியில்லை.

வெளிநாட்டுக்காரர் தரும் பணத்தை மட்டும், எவ்வளவு அன்போடு நீட்டினாலும், வாங்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைப் பெற முடியாது. பதிவு பெற்ற அமைப்புகளே 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வாங்க வேண்டும். ரயிலில் ஏறியவன் மூட்டையைத் தலையில் சுமக்க வேண்டுமா என்று பகவான் ரமணர் கேட்பது உங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மூட்டையை இறக்கி வைக்கலாம்; டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

இனி அந்த இனிப்புக்கு வருவோம். "நான் ஒண்ணுமில்லை" என்ற பதிலை நிறுத்திவிடுங்கள். அதைக் கேட்ட அந்த அம்மா உங்களை இன்னொரு படி மேலே ஏற்றித்தான் வைப்பார். அது உங்களுக்கும் தெரியும். அதற்குப் பதிலாக, "சந்தோஷம்மா, நாளைக்கு வந்து சுண்டல் தாளிச்சுத் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். தாழ்மையைச் சொல்லில் காட்ட முடியாது. யார் எங்கே உட்காருகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது, கணக்கு நோட்டு யாரிடம் இருக்கிறது என்பதில்தான் அது தெரியும்.

உங்கள் பகுதி வழியாகப் போகும் செங்கம் சாலையைப் பிடித்து மேற்கே போனால் திருப்பத்தூருக்குப் போய்விடலாம். அங்கே 1921இல் இரண்டு மருத்துவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. வயதிலும் பேட்டன் இளையவர்தான், அதனால் இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். வெள்ளைக்காரர் ஆண்ட காலம் அது. மிஷன் பங்களாவில் துரை நாற்காலியில் இருப்பார், நம் ஆட்கள் நின்றுகொண்டு பேசுவார்கள். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளையான ஒரு வெள்ளைக்கார டாக்டர், கதர் உடுத்தி, ஒரு தமிழருக்குத் தம்பியாக வாழ்ந்தார். நான் தாழ்மையானவன் என்று அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் பகுதிக்கே வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். 1949 ஜனவரியில் ஆன்றி லெ சோ என்ற பிரெஞ்சுத் துறவி, ஜூல் மொன்ஷானன் என்ற குருவானவரோடு ரமணாசிரமத்துக்கு வந்தார். பெரிய எதிர்பார்ப்போடு வந்தவருக்கு முதல் பார்வையில் ஏமாற்றம். எதிரே சாதுவான ஒரு வயசாளிதான் உட்கார்ந்திருந்தார். ஆசிரமத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்த எத்தல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலேய அம்மையார் லெ சோவிடம் நேராகவே சொல்லிவிட்டார்: நீங்கள் மூட்டை முடிச்சு அதிகமாகக் கொண்டுவந்துவிட்டீர்கள், தெரிந்துகொள்ளும் ஆசையை வைத்துவிட்டுச் சும்மா உட்காருங்கள் என்ற பொருளில். கற்றுக்கொடுக்க வந்த துறவிக்கு இப்படிச் சொன்னால் கோபம் வரலாம். இவர் அதை எடுத்துக்கொண்டார். 1952லிருந்து பல முறை வந்து அருணாசல மலைக் குகைகளில் தங்கினார். அபிஷிக்தானந்தா என்று நாம் அறிவது அவரைத்தான்.

அவரும் மொன்ஷானனும் 1950இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். இந்தியத் துறவிகள் வந்து சேர்வார்கள் என்று காத்திருந்தார்கள். வந்தவர்கள் நிலைக்கவில்லை. மொன்ஷானன் நோயுற்று 1957இல் பாரிசில் இறந்தார். அபிஷிக்தானந்தா 1968இல் இடத்தை பீட் கிரிஃபித்ஸ் என்ற துறவியிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கே இமயமலைப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் சாந்திவனத்துக்கு ஆட்கள் திரண்டு வந்தார்கள். தான் இருந்த காலத்தில் கூடாத கூட்டம் அடுத்தவர் காலத்தில் கூடுவதைத் தாங்கும் மனசு எனக்கு இருக்குமா என்று யோசித்திருக்கிறேன். இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

உங்களுக்கு ஒரு பரீட்சை வைக்கிறேன். கணக்கு நோட்டை வேறு இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு, வகுப்பையும் இன்னொருவரிடம் ஒப்படைத்து, ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். வகுப்பு நின்றுபோனால் அமைப்பில் கோளாறு, சரிசெய்துகொள்ளலாம். நீங்கள் இல்லாமலே நன்றாக நடந்தால் உங்களுக்கு வருத்தம் வரும். வந்தால் மறுபடி எழுதுங்கள்.