கணக்குத் தீர்ப்பதற்கு முன்

தொழிலாளர் வழக்கு என்றால் ஆலை முதலாளிகளின் கவலை என்று தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதி வியாபாரிகளாகிய நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. சட்டத்தின் பார்வையில் வியாபாரமும் ‘தொழில்’தான்.

தொழில் தகராறுகள் சட்டம் 1947-ல் வந்தது. 1956-ல் செய்த திருத்தத்தால் தொழிலாளர் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. அச்சட்டத்திற்குப் பதிலாக, தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 2020 கடந்த 21-11-2025 முதல் அமலுக்கு வந்துள்ளது. ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு நிர்வாக உறுப்பினரும் கொண்ட தீர்ப்பாயத்திற்கு அது வழி செய்கிறது. முதற்படி மட்டும் மாறவில்லை. அது தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் பேச்சுவார்த்தை. வேலைநீக்கம் பற்றிய மனு 45 நாட்களில் தீராவிட்டால் தொழிலாளி நேரே தீர்ப்பாயம் செல்லலாம்.

இதைத் தவிர, தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன் 41-வது பிரிவும் நம்மைக் கட்டுப்படுத்துகிறது. தொடர்ந்து 6 மாதம் வேலை செய்த சிப்பந்தியை நிறுத்த, தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் அல்லது அதற்குரிய சம்பளமும் வேண்டும். குற்றச்சாட்டின் பேரில் நிறுத்தினால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் முறையான விசாரணையில் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும்.

இருப்பில் இரண்டு மூட்டை சர்க்கரை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். “நாளை முதல் வராதே” என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறோம். சந்தேகம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வழக்கில் காட்ட நம்மிடம் ஒரு காகிதமும் இல்லை. முறையின்றி நீக்கப்பட்டவருக்கு மீண்டும் வேலையும் இடைக்காலச் சம்பளமும் தருவதே பொது விதி என்று 2013-ல், தீபாலி குண்டு சுர்வசே வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியது. மாதச் சம்பளம் ரூ.12,000, வழக்கு மூன்று ஆண்டு நீடித்து முழுத் தொகைக்கும் உத்தரவானால் ரூ.4,32,000 ஆகிறது. காணாமற்போன சர்க்கரையின் விலை எங்கே, இது எங்கே!

ஆகவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வருகைப் பதிவேடு, சம்பளப் பதிவேடு இரண்டையும் கையெழுத்துடன் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.

2. தவறு கண்டால் எழுத்து மூலம் விளக்கம் கேட்டு, விசாரித்து, அவர் சொல்வதையும் பதிவு செய்ய வேண்டும்.

3. தாமாக நின்றுவிட்டவருக்கு, வேலைக்குத் திரும்பும்படி ஒப்புகையுடன் கடிதம் அனுப்ப வேண்டும்.

4. சமரச அலுவலரின் அழைப்பை அலட்சியம் செய்யக் கூடாது. நியாயமான தொகையில் முடியுமானால் அங்கேயே எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்வது நல்லது.

5. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அது சிப்பந்திக்குச் செய்யும் அநீதி. வழக்கில் நமக்கே எதிராகவும் திரும்பும்.

சரக்குக்குப் பில் கேட்டு வாங்கிப் பழகியவர்கள் நாம். ஆள் விஷயத்திலும் அதே ஒழுங்கு இருந்தால் நீதிமன்றப் படி ஏறும் நிலை பெரும்பாலும் வராது.