ரேங்க்கா, வெயிட்டா? தம்பிக்கு அக்கா டிப்ஸ்

லீவு விட்டாச்சு, சாகுபுரம் குவார்ட்டர்ஸ்ல திரும்பவும் டபிள்யூடபிள்யூஈ டிரம்ப் கார்டு களை கட்டியாச்சு. நீ என்னடான்னா தினமும் தோத்துட்டு மூஞ்சியத் தூக்கிட்டு வாற. அக்கா சொல்லுதேன், கேளு.

கார்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு விஷயத்தைப் பேசி முடிச்சிரு. ரேங்க்ல மட்டும் சின்ன நம்பருக்குத்தான் வெற்றி. உயரம், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ்ல எல்லாம் பெருசுதான் ஜெயிக்கும். ரெண்டாவது, உயரம் படிக்கிற விதம். சில கட்டுல அண்டர்டேக்கருக்கு 6.10, ஹல்க் ஹோகனுக்கு 6.7ன்னு புள்ளி வச்சு அடிச்சிருப்பான். "கணக்குல 6.7 தாம்ல பெருசு"ன்னு ஒருத்தன் கிளம்புவான். அது டெசிமல் இல்ல, ஆறடி பத்து இஞ்சு. நடு ஆட்டத்துல இதைப் பேசினா அடிதடிதான்.

இனி கார்டு வகை. குண்டு ஆளு வந்தா வெயிட்டைச் சொல்லு. யோகோசுனா 500 பவுண்டுக்கு மேல, ஆனா உயரம் 6.4 தான். படத்தைப் பார்த்து மயங்கி உயரத்தைக் கேட்டுராத. பிக் ஷோ வந்தா ரெண்டுமே தைரியமாக் கேட்கலாம்.

உயரத்துக்குன்னே இருக்கிற கார்டு ஜெயன்ட் கொன்சாலஸ். அர்ஜென்டினாவுல பாஸ்கெட்பால் ஆடின ஆளு. 1993ல டபிள்யூடபிள்யூஎஃப்புக்கு வந்தப்போ எட்டடின்னு விளம்பரம் பண்ணினாங்க. நிஜத்துல அவ்வளவு இல்லைங்கிறது வேற கதை, கார்டுல இருக்கிறதுதான் நமக்குக் கணக்கு.

ரே மிஸ்டீரியோ மாதிரிக் குட்டை ஆளுதான் உனக்குச் சோதனை. 5.6 உயரத்தை வச்சு என்ன செய்ய? ரேங்க்கைப் பாரு, இல்லேன்னா ஜெயிச்ச ஃபைட்டைச் சொல்லு. ரொம்ப நாள் ஆடின சீனியருங்களுக்கும் அதே வழிதான்.

ஜெயிச்ச கார்டு அடியிலதானே போகுது? உன் கொன்சாலஸை அவன் பிடுங்கிட்டா, அவன் கையில எத்தனை கார்டுன்னு எண்ணிக்கோ. அத்தனையும் தீர்ந்தாத்தான் கொன்சாலஸ் மேல வருவான். அந்த முறை வரும்போது, சொல்ற உரிமை உன்கிட்ட இருந்தா, உயரத்தை மட்டும் சொல்லிராத.

திருச்செந்தூர் திருவிழாக் கடையில வாங்கின கட்டையும் பழைய கட்டையும் கலக்காத. ஒரே ஆளுக்கு ரெண்டு கட்டுல ரெண்டு நம்பர் இருக்கும். அட்டையில டபிள்யூடபிள்யூஎஃப்னு இருந்தா 2002க்கு முந்தின பேரு, அதுல கிரேட் காளியைத் தேடாத.

நம்ம ஊரு உப்புக்காத்துக்குக் கார்டு பிசுபிசுன்னு ஒட்டி, ரெண்டு சேர்ந்து போயிரும். துளி முகப்பவுடர் தூவி, காஞ்ச துணியால துடைச்சுக்கோ.